பலாலியில் விமானம் ஏறுமுன்: முதன்முறை இந்தியா போகிறவருக்கு விசா வழிகாட்டி

இந்தியா போக விசா எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு கணினி, வங்கி அட்டை, ஓரளவு ஆங்கிலம், ஒரு பின்னேரப் பொழுது இருந்தால் வீட்டில் இருந்தபடியே செய்து முடிக்கலாம். அப்படியிருந்தும் எங்கள் ஊரில் பலர் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் இன்னொரு பெயர், விமானச் சீட்டில் மூன்றாவது ஒரு பெயர். கடதாசிகள் ஒன்றோடொன்று கதைக்காவிட்டால் விசா கிடைத்தும் விமானம் ஏறமுடியாமல் போகலாம். அதனால் இந்தக் கட்டுரையில் படிவத்தைவிடக் கடதாசிகளுக்குத்தான் கூடுதல் இடம்.

வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாக 2019 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. கொரோனா வந்ததும் சேவை நின்று, 2022 டிசம்பரில் சென்னை விமானம் மறுபடி தொடங்கியது. பிறகு 2025இல் திருச்சிக்கும் விமானம் வந்தது. காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் ஆரம்பமானது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கட்டுநாயக்க போய் விமானம் ஏறிய காலத்தோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். கொழும்பு வழி இன்னும் இருக்கிறது. திகதி சரிவராவிட்டால் அதுவும் பரவாயில்லை.

கடவுச்சீட்டு

கடவுச்சீட்டு இல்லாதவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்னர் இதற்கு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓட வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறந்தபிறகு அந்த அலைச்சல் குறைந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றுகிறவர் என்றால் விவாகச் சான்றிதழ், இவற்றின் மூலப்பிரதியையும் போட்டோகொப்பியையும் கொண்டுபோங்கள். படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே ஒன்லைனில் அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்காதீர்கள்.

ஏற்கெனவே கடவுச்சீட்டு இருப்பவர் அதைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். இந்தியாவில் இறங்கும் நாளில் இருந்து குறைந்தது 6 மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். முத்திரை குத்த 2 வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும். ஐந்து மாதம் மிச்சம் இருக்கிறது, ஒரு கிழமைக்குத்தானே போகிறேன் என்று சமாளிக்கப் பார்க்க வேண்டாம். கவுண்டரில் இருப்பவர் திகதியை மட்டும்தான் பார்ப்பார்.

குழந்தைகளுக்கும் தனிக் கடவுச்சீட்டு, தனி விசா. கைக்குழந்தைக்கும் அப்படித்தான். தாய் தகப்பனில் ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். கேட்காமலும் விடலாம். கேட்டால், விமான நிலையத்தில் நின்றுகொண்டு அதை எழுதி வாங்க முடியாது.

அரச வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல்: வெளிநாட்டு விடுமுறைக்கு உங்கள் திணைக்கள அனுமதி வேண்டும். ஆசிரியர்கள் பள்ளிக்கூட விடுமுறைதானே என்று அதை விட்டுவிடுவதுண்டு. கடிதம் கையெழுத்தாகி வரக் காலம் எடுக்கும், ஆகவே விசாவுக்கு முன்னரே அதைத் தொடங்குங்கள்.

பெயர் என்ற தலையிடி

எங்கள் பெயர் முறை குடும்பப் பெயர் இல்லாத முறை. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். கந்தசாமி சிவரூபன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். கந்தசாமி தகப்பன். பள்ளிக்கூடத்தில் அவர் க. சிவரூபன். வங்கிக் கணக்கில் எஸ். கந்தசாமி என்றும் இருக்கலாம். கடவுச்சீட்டு இந்தப் பெயரை இரண்டு பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கும்: குடும்பப் பெயர், ஏனைய பெயர்கள். எதில் எது விழுந்திருக்கிறது என்பது விண்ணப்பித்த அன்று எப்படி எழுதிக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது. தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கும் கடவுச்சீட்டும் உண்டு, மறுவளமாக இருப்பதும் உண்டு.

இதில் சட்டம் ஒன்றுதான். இனிமேல் எந்தப் படிவத்திலும், எந்தச் சீட்டிலும் கடவுச்சீட்டில் இருப்பது போலவே, அதே பெட்டிக்குள், அதே எழுத்துக்களோடு எழுதுங்கள். எது சரியான தமிழ் வழக்கம், எது உண்மையில் என் பெயர் என்ற விவாதத்தை அப்பால் வையுங்கள். கடவுச்சீட்டில் கந்தசாமி குடும்பப் பெயர் என்றால் விசாப் படிவத்திலும் அதுதான் குடும்பப் பெயர், விமானச் சீட்டிலும் அதுதான்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பொறி. தர்ஷினியில் 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா, துரைராஜாவின் கடைசியில் 'எச்' உண்டா, சிவகுமார் ஒரு சொல்லா இரண்டா. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பாசத்தோடு விமானச் சீட்டு எடுத்து அனுப்புவார், தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில். சீட்டு எடுக்கும் எவருக்கும், அண்ணனாக இருந்தாலும், கடவுச்சீட்டின் படப் பக்கத்தைப் போனில் அனுப்பிவிட்டு, "இதைப் பாத்து எழுதுங்கோ அண்ணை, ஞாபகத்திலை எழுதாதேங்கோ" என்று சொல்லுங்கள். கோபிக்க மாட்டார். கோபித்தாலும் பரவாயில்லை.

கலியாணம் முடித்த பெண்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர், அடையாள அட்டையில் கணவன் பெயர் என்று இருந்தால், படிவத்தில் கடவுச்சீட்டுப் பெயரை எழுதிவிட்டு விவாகச் சான்றிதழ்ப் பிரதியை உடன் கொண்டுபோவது நல்லது. பெயர் முன்னர் எப்போதாவது மாறியதா என்று படிவம் கேட்கும் இடத்தில் பழைய பெயரையும் சொல்லுங்கள்.

பிறந்த இடமும் இப்படித்தான். நீங்கள் பிறந்தது காரைநகராக இருக்கலாம். கடவுச்சீட்டில் யாழ்ப்பாணம் என்று இருந்தால் யாழ்ப்பாணம்தான். அடையாள அட்டை இலக்கம் பழைய ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்துமா, புதிய 12 இலக்கமா என்று குழம்புகிறவர்களும் கடவுச்சீட்டில் அச்சிட்டிருப்பதையே எழுதலாம்.

எந்த விசா

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இந்தியாவுக்கு ஈ-விசா, அதாவது ஒன்லைனில் விண்ணப்பித்து மின்னஞ்சலில் பெறும் விசா, எடுக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அது போதும். சிதம்பரம், இராமேஸ்வரம், திருவண்ணாமலை என்று கோயில் சுற்றப் போகிறவர், சபரிமலைக்கு மாலை போட்டவர், தி. நகரில் கலியாணப் புடவை எடுக்கப் போகிறவர், சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர், எல்லோருக்கும் சுற்றுலா ஈ-விசாதான். இதில் 30 நாள், 1 வருடம், 5 வருடம் என்று மூன்று வகை. 30 நாள் விசாவில் இரண்டு தடவை நுழையலாம். 1 வருட, 5 வருட விசாவில் பல தடவை போய்வரலாம். கட்டணம் கடவுச்சீட்டு எந்த நாட்டினது, எந்த வகை விசா என்பதைப் பொறுத்து மாறும். அந்தப் பட்டியல் இந்திய அரசின் விசாத் தளத்திலேயே இருக்கிறது.

வைத்தியத்துக்குப் போவதென்றால், குறிப்பாகச் சத்திரசிகிச்சை, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை என்றால், மருத்துவ ஈ-விசா எடுங்கள். சென்னைக்கும் வேலூருக்கும் போகிற எங்கள் சனம் சிலர், சுற்றுலா விசா லேசு என்று அதை எடுத்துக்கொண்டு போய், அனுமதிக்கும் நேரம் ஆஸ்பத்திரியில் விசாவைக் கேட்டதும் முழிப்பார்கள். மருத்துவ விசாவுக்கு அந்த ஆஸ்பத்திரி தன் கடிதத்தாளில் தரும் கடிதம் தேவை. பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கும். மருத்துவ அறிக்கைகளை அனுப்பிக் கேட்டால் அனுப்பிவைப்பார்கள். நோயாளியின் கடவுச்சீட்டுப் பெயர் அந்தக் கடிதத்திலும் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்கிறதா பாருங்கள். நோயாளியோடு போகிறவர்களுக்கு உதவியாளர் விசா உண்டு. ஒரு நோயாளிக்கு 2 பேர் வரை. மூன்றாவது ஆள் வர விரும்பினால் அவர் சுற்றுலா விசாவில் வரட்டும்.

படிக்க, வேலை செய்ய, நீண்ட காலம் தங்கப் போகிறவருக்கு இந்தக் கட்டுரை போதாது. அவர்கள் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் சாதாரண விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத்தூதரகம் 2010இல் இருந்து இயங்குகிறது, ஆகவே அதற்கும் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

கப்பலில் போக யோசிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஈ-விசாவோடு இந்தியாவின் எந்த வாசலாலும் நுழைய முடியாது. அதற்கென்று குறித்த விமான நிலையங்களும் துறைமுகங்களும் உண்டு. சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம், கொச்சி, பெங்களூர் விமான நிலையங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. துறைமுகப் பட்டியல் இதைவிட மிகச் சிறியது. எனவே நாகப்பட்டினக் கப்பலுக்குக் காசு கட்டமுன் அன்றைய பட்டியலை விசாத் தளத்தில் பாருங்கள், கப்பல் கம்பனியிடமும் கேளுங்கள். இல்லையென்றால் சாதாரண விசா எடுத்துக்கொண்டு கப்பல் ஏறலாம். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் கப்பல் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கலியாண நாளுக்கு முதல்நாள் போய்ச்சேரக் கப்பலை நம்ப வேண்டாம்.

படிவத்தின் முன் உட்காரும்போது

கூகுளில் இந்திய விசா என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தனியார் தளங்கள். அசோகச் சின்னம், தேசியக் கொடி, எல்லாம் போட்டு அரசுத் தளம் போலவே இருக்கும். அவற்றிலும் சிலவேளை விசா கிடைக்கும், ஆனால் இரண்டு மூன்று மடங்கு காசு போகும். உண்மையான தளத்தின் முகவரி 'ஜிஓவி டொட் இன்' என்று முடியும். அதைப் பார்த்த பிறகு மட்டும் உள்ளே போங்கள்.

படம் சதுரமாக இருக்க வேண்டும். எங்கள் கடவுச்சீட்டுக்கு எடுக்கும் படம் சதுரம் இல்லை, அதை வெட்டி ஒட்டினால் தலை மேலே முட்டும். ஸ்டூடியோவில் "இந்திய விசாவுக்கு, இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, சொஃப்ட் கொப்பியும் வேணும்" என்று சொல்லுங்கள். கண்ணாடி கழற்ற வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது, ஓரத்தில் கோடு இருக்கக்கூடாது. கோப்பு ஜேபெக் வடிவில், 10 கேபிக்கும் 1 எம்பிக்கும் இடையில். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை பிடிஎஃப் ஆக, 300 கேபிக்குள் கொண்டுவர வேண்டும். போனில் படம் எடுத்து மாற்றினால் மங்கும், ஸ்கான் செய்யுங்கள். கீழே இருக்கும் இரண்டு வரி அம்புக்குறி எழுத்துக்களும் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும்.

விண்ணப்பிக்கும் நேரமும் முக்கியம். 30 நாள் விசாவுக்குப் பயணத்துக்கு 30 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். குறைந்தது 4 நாளாவது முன்னதாக அனுப்ப வேண்டும். நான் சொல்வது, இரண்டு கிழமை முன்னதாக. ஏதாவது திருத்தி அனுப்பச் சொன்னால் மூச்சுவிட இடம் இருக்கும்.

படிவம் தொடங்கியதும் மேலே ஒரு தற்காலிக இலக்கம் காட்டும். அதைக் குறித்துவையுங்கள். மின்சாரம் போனாலும் இணையம் அறுந்தாலும் அந்த இலக்கத்தைக் கொண்டு விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

கேள்விகள் நிறைய. தாய் தகப்பன் இருவரின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், நாடு, உங்கள் சமயம், உடம்பில் உள்ள அடையாளம், செய்யும் தொழில், தொழில் கொடுப்பவரின் விலாசம். அதோடு இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம். இங்கே ஒருவருடைய அதே விபரம். இந்தியாவில் ஒருவரையும் தெரியாது என்றால் தங்கப்போகும் ஹோட்டலின் பெயரும் விலாசமும் போடலாம். சொந்தக்காரரின் பெயரைப் போடுவதென்றால் அவரிடம் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கள். யாராவது அழைத்துக் கேட்டால் "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று அவர் சொல்லிவிடக்கூடாது.

பிறகு ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள் வரிசையாக வரும். இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். கொமினிகேஷன் கடையில் நடப்பதைப் பார்த்தால் தெரியும். கணினிக்கு முன்னால் தம்பி, பக்கத்துக் கதிரையில் அன்ரி.

"அன்ரி, எங்கையாவது அசைலம் கேட்டனீங்களோ எண்டு கிடக்கு. நோ போடட்டோ?"

"போடு தம்பி, எல்லாத்துக்கும் நோ போடு."

அன்ரிக்கு அது என்ன கேள்வி என்றே தெரியாது. 1990களில் படகேறி மண்டபம் முகாமில் பதிந்து, ஆறேழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவராகக்கூட அவர் இருக்கலாம். ஐரோப்பாவில் அகதி விண்ணப்பம் போட்டு, மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தவரும் எங்கள் ஊரில் குறைவில்லை. முன்னர் இந்தியா போனீர்களா, இந்திய விசா மறுக்கப்பட்டதா, எந்த நாட்டில் இருந்தாவது திருப்பி அனுப்பப்பட்டீர்களா, எங்காவது அரசியல் தஞ்சம் கேட்டீர்களா, படையிலோ பொலிசிலோ பாதுகாப்பு அமைப்பிலோ வேலை செய்தீர்களா, இவை எல்லாம் தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லக் கேட்டு, விளங்கி, உண்மையைச் சொல்லுங்கள். ஆம் என்று சொன்னதற்காக விசா கட்டாயம் மறுக்கப்படும் என்றில்லை. விபரம் எழுத இடம் திறக்கும், அதில் சுருக்கமாக எழுதலாம். இல்லை என்று சொல்லி, பழைய பதிவில் கைரேகையோ பெயரோ அகப்பட்டால் அது பொய் சொன்ன கணக்கில் சேரும், அடுத்த தடவையும் பின்தொடரும். இப்படிப் பழைய கதை உள்ளவர்கள் ஒன்லைனில் தட்டுவதற்கு முன் துணைத்தூதரகத்தில் நேரே விசாரிப்பதுதான் புத்தி.

கடந்த 3 வருடத்தில் சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்குப் போனீர்களா என்றும் கேட்கும். நேபாளமும் மாலைதீவும் சார்க் நாடுகள்தான். மாலைதீவில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஏஜென்சிக்காரரிடம் கொடுப்பதைப் பிழை என்று சொல்லவில்லை. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அனுப்புவதற்கு முன் நிரப்பிய படிவத்தை ஒரு பிரதி எடுத்துத் தரச் சொல்லி, பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, இறங்கும் விமான நிலையம், அந்த ஆம்-இல்லை விடைகள், இவ்வளவையும் நீங்களே பாருங்கள். மின்னஞ்சல் விலாசம் உங்களுடையதாகவோ பிள்ளைகளுடையதாகவோ இருக்கட்டும். விசா வந்ததும் வராததும் அந்த விலாசத்துக்குத்தான் வரும். ஏஜென்சியின் விலாசத்தைக் கொடுத்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும்போது நீங்கள் வாசலில் நிற்பீர்கள்.

காசு கட்டுதல்

ஒன்லைனில், பெரும்பாலும் அட்டையால்தான் கட்ட வேண்டும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே வங்கிக்கு அழைத்துக் கேளுங்கள். பல அட்டைகளில் அது மூடித்தான் இருக்கும். காசு கணக்கில் கழிந்தும் தளம் கட்டவில்லை என்று காட்டினால் உடனே மறுபடி கட்டாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டு விண்ணப்ப இலக்கத்தைப் போட்டு நிலையைப் பாருங்கள். விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய காசு திரும்பாது.

விசா வந்த பிறகு

சில நாளில் மின்னஞ்சல் வரும். அதில் 'கிராண்டட்' என்ற சொல் இருக்க வேண்டும். விண்ணப்பம் கிடைத்தது என்று வரும் மின்னஞ்சலை விசா என்று நினைத்து அச்செடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. தளத்திலும் இலக்கத்தைப் போட்டு நிலையைப் பார்த்துவிட்டு இரண்டு பிரதி அச்செடுங்கள். ஒன்று கைப்பையில், மற்றது பெட்டிக்குள். போனில் மட்டும் வைத்திருப்பது போதாது.

அதில் உள்ள முடிவுத் திகதியை வாசிப்பதில் பலருக்குக் குழப்பம். 30 நாள் விசாவில் அந்தத் திகதி, நீங்கள் இந்தியாவுக்குள் முதல் காலடி வைக்க வேண்டிய கடைசி நாளைக் குறிக்கும். தங்கும் 30 நாள் இறங்கிய நாளில் இருந்து கணக்கு. ஜனவரி 10 இறங்கினால் அந்த நாளையும் சேர்த்து எண்ணி, பெப்ரவரி 8க்குள் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். 1 வருட, 5 வருட விசாவுக்குக் கணக்கு வேறு. அவை விசா தந்த நாளில் இருந்தே ஓடத் தொடங்கிவிடும். சுற்றுலா ஈ-விசாவை அங்கே போய் நீட்டிக்க முடியாது. அளவுக்கு மிஞ்சித் தங்கினால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம், தண்டப்பணம், வெளியேறும் அனுமதி என்று அலைய வேண்டிவரும், அடுத்த விசாவுக்கும் அது கறை.

விமானச் சீட்டை விசா வந்தபிறகு எடுப்பதே என் கட்சி. மலிவாகக் கிடைக்கிறது என்று முதலே எடுத்தால், திகதி மாற்ற முடியுமா என்று பார்த்து எடுங்கள்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. 2025 ஒக்ரோபர் 1இல் இருந்து இந்தியா, வெளிநாட்டவருக்கு ஈ-வருகை அட்டை கொண்டுவந்திருக்கிறது. இறங்குவதற்கு முந்திய 72 மணித்தியாலத்துக்குள் ஒன்லைனில் நிரப்ப வேண்டும். கடவுச்சீட்டு விபரம், விமான இலக்கம், தங்கும் விலாசம், அவ்வளவுதான். கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் என்றால் அது வேறு ஆளின் தளம். இது விசா அல்ல, விசாவுக்குப் பதிலும் அல்ல.

போகும் நாள்

பலாலிக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். சென்னைக்குப் போவது சின்ன விமானம், ஏடிஆர் வகை. பெட்டியின் எடைக் கட்டுப்பாடும் அதற்கேற்பக் கறாராகத்தான் இருக்கும். சித்திக்கு மிளகாய்த்தூள், மாமாவுக்குப் பனங்கட்டி, புழுக்கொடியல் என்று அடுக்குவதற்கு முன் சீட்டில் எத்தனை கிலோ போட்டிருக்கிறது என்று பாருங்கள். தூள் வகைகளைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வையுங்கள்.

நகை பற்றி ஒரு சொல். தாலிக்கொடியும் வழமையாகப் போடும் நகையும் போட்டுக்கொண்டு போவதில் தப்பில்லை என்றாலும், புதிதாக வாங்கிய கனத்த சங்கிலிகளைக் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு சென்னையில் இறங்கினால் சுங்கத்தில் மறித்துக் கேட்பார்கள். இலங்கையில் இருந்து தங்கம் கடத்தும் வழக்குகள் அங்கே அடிக்கடி பிடிபடுவதால் எங்கள் மேல் அவர்களுக்கு ஒரு கண். கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் நகைகளின் பற்றுச்சீட்டையும் பழைய படம் ஒன்றையும் வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டுக் காசு நோட்டாக 5,000 அமெரிக்க டொலருக்கு மேல் கொண்டுபோனால் அங்கே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

கனடாவில் இருந்தோ பிரான்சில் இருந்தோ வந்து நிற்கும் சொந்தக்காரர் உங்களோடு சேர்ந்து இந்தியா வருவதானால் அவர் விசா அவருடைய கடவுச்சீட்டின்படி. அவர் இலங்கைக்குள் திரும்பி வரவும் அனுமதி வேண்டுமே, அதையும் பாருங்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர் ஒன்லைனில் எடுக்கும் 30 நாள் இலங்கைப் பயண அனுமதி (ஈடிஏ) இரண்டு தடவை நுழைய விடும். அந்த இரண்டும் முடிந்துவிட்டால் திரும்ப எடுக்க வேண்டும்.

இறங்கியதும்

குடிவரவில் ஈ-விசாக்காரருக்கென்று தனிக் கவுண்டர் இருக்கும், பலகையைப் பார்த்து வரிசையில் நில்லுங்கள். அதிகாரி கடவுச்சீட்டையும் விசா அச்சையும் வாங்கி, எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், என்ன விஷயமாக வந்தீர்கள், திரும்பும் சீட்டு உண்டா என்று கேட்பார். தமிழ்நாட்டில்தானே இறங்குகிறோம் என்றாலும் அவருக்குத் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹிந்தியும் ஆங்கிலமும் மட்டும் பேசுகிற ஆளாக இருக்கலாம். வயதானவர்களைத் தனியே அனுப்பினால், தங்கும் விலாசத்தையும் அங்குள்ளவரின் தொலைபேசி இலக்கத்தையும் ஆங்கிலத்தில் ஒரு துண்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். படிவத்தில் போட்ட அதே விலாசம்.

பிறகு விரல் அடையாளமும் படமும் எடுப்பார்கள். தோட்ட வேலை செய்து விரல் தேய்ந்த ஐயாமாருக்கும், வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்த்த அம்மாமாருக்கும் இயந்திரம் ரேகையைப் பிடிக்க நேரம் எடுக்கும். விரலைத் துடைத்து, கொஞ்சம் அழுத்தி, திரும்ப வைக்கச் சொல்வார்கள். பதற ஒன்றுமில்லை.

முத்திரை குத்தித் தந்ததும் கவுண்டரை விட்டு நகரமுன் அந்த முத்திரையை வாசியுங்கள். இறங்கிய திகதி சரியா, மை தெளிவாக இருக்கிறதா. பிழை என்றால் அந்த நிமிடமே திருத்தித் தருவார்கள். ஊர் திரும்பும் நாளில் கண்டுபிடித்தால் விளங்கப்படுத்தவே அரை நாள் போகும்.

தங்கும் இடத்தில் வெளிநாட்டவர் என்று உங்களைப் பதிவார்கள். தமிழ் கதைத்தாலும் அங்கே நாங்கள் வெளிநாட்டவர்தான். கடவுச்சீட்டையும் விசாவையும் பிரதி எடுத்து, 24 மணித்தியாலத்துக்குள் அரசாங்கத்துக்கு ஒன்லைனில் அனுப்புவது லொட்ஜ்காரரின் கடமை. அந்த ஏற்பாடு இல்லாத சின்ன லொட்ஜுகள் "ஃபாரினர்ஸுக்கு ரூம் இல்லை சார்" என்று திருப்பி அனுப்பிவிடும். இரவு பதினொரு மணிக்குத் திருவண்ணாமலையில் பெட்டியோடு வாசல் வாசலாக ஏறி இறங்காமல், பதியும்போதே இலங்கைக் கடவுச்சீட்டு என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். பௌர்ணமி நாட்களில் அங்கே உள்ளூர்க்காரருக்கே அறை கிடைக்காது.

கடவுச்சீட்டைத் தொலைத்தால் முதலில் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுத்து அதன் பிரதியை வாங்குங்கள். அடுத்து, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம். ஊர் திரும்ப ஒரு தற்காலிகப் பயணப் பத்திரம் அங்கே தருவார்கள். அதை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியும் எடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் கடவுச்சீட்டுப் படப் பக்கம், விசா, நுழைவு முத்திரை விழுந்த பக்கம் மூன்றின் பிரதியும் கேட்பார்கள். முத்திரைப் பக்கத்தை ஒருவரும் பிரதி எடுத்து வைப்பதில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து டாக்சிக்கு நிற்கும்போதே அதைப் போனில் படம் எடுத்து, யாழ்ப்பாணத்தில் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.